ஆளுக்கொரு வானொலி

இரண்டாயிரத்து ஐம்பதுகளில், டொராண்டோ நகரத்தின் வடமேற்கு மூலையில், கானா நாட்டுக்காரர்கள் கூடும் கடைத்தொகுதி ஒன்று இருந்தது. அங்கே கழிப்பறைகளைவிட வானொலி நிலையங்கள் அதிகம். மிகை என்று யாராவது சொன்னால் அவர் அங்கே போனதில்லை என்று அர்த்தம். கிழங்குக் கடையின் பின்னறையில் ஒன்று, பயண முகவரின் மாடியில் ஒன்று, மீன்கடையில் உறைபெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மூச்சை உள்ளிழுத்துக்கொண்டால் மட்டுமே செய்தி வாசிக்க முடிகிற இடுக்கில் ஒன்று. இணைய வானொலிக்குக் கோபுரம் தேவையில்லை. ஒரு மைக்கும் ஒரு கோபமும் போதும்.

இரண்டில் கோபம்தான் முக்கியம். முதல் நிலையத்தைத் தொடங்கியவர் அசாரே. 'கடல்காற்று எஃப்.எம்.' என்று பெயர். இணையத்தில் எஃப்.எம். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மருத்துவர் பெயருக்குப் பின்னால் பட்டம் போடுவதில்லையா, அதுபோல என்பார். அவரோடு கூட நின்று கம்பி இழுத்தவர் தாவியா. சனிக்கிழமை காலையைத் துதிப்பாடலில் தொடங்குவதா, ஆட்டப்பாட்டில் தொடங்குவதா என்று இருவருக்கும் சண்டை வந்தது. தாவியா பாதிக் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு போய், எதிர்வரிசையில் 'அசல் கடல்காற்று எஃப்.எம்.' ஆரம்பித்தார். அதன் பிறகு காலையெல்லாம் ஒருவரை ஒருவர் ஒலிபரப்பில் கிழிகிழியென்று கிழித்துவிட்டு, மதியம் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே தட்டில் மீன் சாப்பிடுவார்கள்.

தாவியாவின் அக்கா மான்சா அப்படிச் சாப்பிட வருகிறவள் இல்லை. ஒருநாள் அவள் தம்பியின் நேயர் நிகழ்ச்சிக்கு ஃபோன் போட்டு, அவனுடைய இசைத் தேர்வு சகிக்கவில்லை என்பதை விரிவாக விளக்கத் தொடங்கினாள். தாவியா கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, நன்றி, அடுத்த நேயர்" என்று இணைப்பைத் துண்டித்தார். முதுகில் கட்டித் தூக்கி வளர்த்த அக்காவை, ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்போது. அடுத்த வாரம் 'தாய்வீட்டுக் கடல்காற்று எஃப்.எம்.' பிறந்தது. அக்காவும் தம்பியும் அதன்பின் பேசவில்லை. பதினோரு வருடம்.

இத்தனை நிலையங்களிலும் உருப்படியான வேலை ஒன்று நடந்தது. சாவுச் செய்தி. அந்த மக்களுக்குச் சாவு என்பது குடும்ப விஷயமே அல்ல. அது ஊர்த் திருவிழா. கருப்பும் சிவப்புமாகத் துணி உடுத்தி, முன்னூறு பேர் கூடி, அழுது, ஆடி, சாப்பிட்டு அனுப்பிவைத்தால்தான் செத்தவன் போனதாகக் கணக்கு. யாரோ ஒருவருடைய பெரியம்மா கானாவில் கண்ணை மூடினால், அசாரே இங்கே மைக்கை இருமுறை தட்டித் தொண்டையைக் கனைப்பார். அந்தக் கனைப்பிலேயே பாதி நகரம் அடுப்பை அணைத்துவிட்டு உட்காரும்.

பிறகு 'தனியலை' வந்தது.

அது ஒரு மென்பொருள். உங்கள் தாயின் ஊர் எது, யார்மேல் கடுப்பு, எந்தப் பாட்டுக்குக் கண்ணீர் வரும் என்று நாலு கேள்வி கேட்கும். நீங்கள் கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் உங்களுக்கே உங்களுக்கென்று ஒரு வானொலி நிலையம் தயார். அறிவிப்பாளர், செய்தி, விளம்பரம், இருமிக்கொண்டே பேசும் நேயர்கள், எல்லாம் அதுவே செய்துகொள்ளும். உங்கள் கருத்தை அங்கே யாரும் மறுக்க மாட்டார்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களின் குரல்களும் வந்து பேசும், ஏனென்றால் எல்லோரும் சேரும்போதே தங்கள் குரலுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். எதற்குக் கொடுத்தோம் என்று எவருக்கும் தெரியாது. ஒரே ஒரு சட்டம் இருந்தது: ஆள் இறந்ததாகப் பதிவானதும் அவர் குரலை அழித்துவிட வேண்டும்.

ஒரு வருடத்தில் அந்த மூலையில் நாலாயிரம் நிலையங்கள் முளைத்தன. நிலையத்துக்கு ஒரு நேயர்.

அசாரே மட்டும் பழைய மைக்கின் முன்னால் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் தாவியா பேருந்து நிறுத்தத்தில் சரிந்து விழுந்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார். அவருக்கு மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. அவர் கைபேசியில் தினமும் மதியம் அழைத்த எண் ஒன்றே ஒன்று இருந்ததால், மருத்துவமனையிலிருந்து அசாரேவைக் கூப்பிட்டார்கள்.

அசாரே போய் நண்பரின் முகத்தைப் பார்த்தார். நல்லடக்கத்தை நானே செய்கிறேன் என்றார். சமூகப் பணியாளராக இருந்த பெண் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள். எதிரி என்று சொல்ல முடியுமா? இரத்த உறவு ஒருவர் வந்து கைரேகை வைத்தால்தான் சாவைப் பதிந்து உடலைத் தருவோம், மாதக் கடைசிக்குள் யாரும் வராவிட்டால் மாநகரமே எரித்துவிடும், புதைக்க இடமில்லாத ஊர் இது என்று விளக்கினாள்.

எரிப்பதில் என்ன என்று நமக்குத் தோன்றலாம். தாவியாவின் ஊர்க்காரர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். மண்ணுக்குள் வைக்காதவன் முன்னோர்களிடம் போய்ச் சேரமாட்டான், வழியிலேயே நிற்பான் என்பார்கள். அசாரே ஊருக்கு ஃபோன் போட்டார். அவர்கள் வழக்கப்படி ஒருவன் தாயின் குலத்தைச் சேர்ந்தவன். அந்தக் குலத்துப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "மான்சா அங்க இருக்கும்போது நாங்க எப்படி வாயத் திறக்கிறது? அவ சொல்லட்டும்." மான்சா வீடு மாற்றி, எண் மாற்றி, எங்கே இருக்கிறாள் என்றே யாருக்கும் தெரியவில்லை.

தெரியாதா, இதற்குத்தானே வானொலி என்று அசாரே சனிக்கிழமை காலை மைக்கை இருமுறை தட்டினார். கனைத்தார். தாவியா போன செய்தியை முறைப்படி, சுற்றி வளைத்து, துக்கத்தோடு சொல்லிவிட்டு, அவருடைய அக்கா மான்சா இருக்குமிடம் தெரிந்தவர்கள் உடனே அழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அழைப்புகள் கொட்டின. ஒரு வருடமாக ஊமையாய்க் கிடந்த அழைப்புப் பலகையில் எல்லா விளக்கும் எரிந்தது. ஒருத்தி கேவிக் கேவி அழுதாள். ஒரு கிழவர் தாவியாவுக்குத் தான் நீச்சல் சொல்லிக்கொடுத்ததை நினைவுகூர்ந்தார். மான்சாவை நேற்றுத்தான் பார்த்தேன் என்று ஏழெட்டுப் பேர் முகவரி சொன்னார்கள். அசாரேவுக்கு நெஞ்சு விம்மியது. என் மக்கள் என்னைக் கைவிடவில்லை என்று மைக்கிலேயே சொல்லி மூக்கைச் சிந்தினார்.

முதல் முகவரி கார் கழுவும் கொட்டகை. உள்ளே போய் விசாரித்ததில் சட்டையோடு ஒரு குளியல் கிடைத்தது. இரண்டாவது முகவரி தொடக்கப்பள்ளி. தலைமையாசிரியை போலீசைக் கூப்பிடுவதற்குள் வெளியே வந்துவிட்டார். மூன்றாவது வீட்டு எண்ணின்படி அந்த வீடு ஆற்றுக்கு நடுவில் இருந்திருக்க வேண்டும். அங்கே இரண்டு வாத்துகள் இருந்தன. குலப் பெரியவர்கள்போல அவரை ஏற இறங்கப் பார்த்தன. அடுத்த சனிக்கிழமையும் அறிவித்தார். இன்னும் அதிகம் அழைப்புகள், இன்னும் நல்ல அழுகை, இன்னும் இல்லாத வீடுகள். பனியில் அலைந்து அவருடைய முழங்கால் கதவுக் கீல்போலச் சத்தம் போட ஆரம்பித்தது. மருத்துவமனைப் பெண் ஒருநாள் விட்டு ஒருநாள் கூப்பிட்டு, மாதம் முடியப் போகிறது என்று மென்மையாக நினைவுபடுத்தினாள். அந்த மென்மை அவரை எரித்தது.

பக்கத்துக் கடை அடோமாவுடையது. முடி பின்னும் கடை. கைகள் பின்னிக்கொண்டே இருக்கும், காதில் எந்நேரமும் தனியலை ஓடிக்கொண்டிருக்கும். அசாரே நனைந்த காலணியோடு அங்கே போய், இந்த மக்களுக்கு என்ன கேடு, ஏன் பொய் முகவரி கொடுக்கிறார்கள் என்று பொரிந்து தள்ளினார். அடோமா ஒரு காதை மட்டும் திறந்து கேட்டுவிட்டு, எழுந்து வந்து அவருடைய பலகையைப் பார்த்தாள்.

"அங்கிள், இதுல தனியலையோட 'அமைதி நிரப்பு'ன்னு ஒண்ணு எரியுதே. யார் போட்டது?"

முதல் அறிவிப்புக்கு முந்தின நாள், ஒரு அழைப்புகூட வராத ஒரு மணி நேரத்தில் அவரேதான் போட்டிருந்தார். இலவசம், குரலுக்கு அனுமதி மட்டும் போதும் என்றிருந்தது.

"அப்புறம் என்ன. கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடலைன்னா அதுவே ஆளை உண்டாக்கிப் பேச வைக்கும். நீங்க என்ன கேக்கிறீங்களோ அதைச் சொல்லும். முகவரி கேட்டீங்க, கொடுத்திருக்கு."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

"அழுதாளே ஒருத்தி. அவளும்?"

"ரொம்ப நல்லா அழுதிருப்பாளே. அது புதுப் பதிப்பு."

அசாரே நாற்காலியில் உட்கார்ந்தார். நிஜமாகக் கேட்கிறவர்கள் எத்தனை பேர் என்று அது காட்டுமா என்று கேட்டார். அடோமா திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"ஒண்ணு."

"அது யாரு?"

"நீங்கதான் அங்கிள். ஹெட்ஃபோன் போட்டிருக்கீங்கல்ல."

அந்த ஹெட்ஃபோனை அவர் கழற்றி எறிந்த வேகத்தில் அது எதிர்ச்சுவரில் பட்டு, திரும்பி வந்து அவர் காலடியிலேயே விழுந்தது. இனி மான்சாவை எங்கே போய்த் தேடுவது என்று தலையில் கை வைத்தார்.

"மான்சா ஆன்ட்டியா? அவங்களை எதுக்குத் தேடணும்? பஸ் டிப்போவுக்குப் பின்னாடி ஒன்பதாவது மாடி. போன வாரம் இங்கதான உக்காந்து தலைக்குச் சாயம் போட்டுக்கிட்டாங்க."

அசாரே அவளைப் பார்த்தார். இரண்டு சனிக்கிழமை அறிவித்திருக்கிறார். இரண்டு கடைக்கும் நடுவே இருப்பது பலகைச் சுவர்தான். இருமினால் அந்தப் பக்கம் நலம் விசாரிப்பார்கள்.

"என்னை அப்படிப் பாத்தா? நேரா வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க ரேடியோவுலதான கேட்டீங்க."

அவளைக் கொல்வதா, தன்னைக் கொன்றுகொள்வதா என்று முடிவுசெய்ய முடியாமல் அசாரே பேருந்து ஏறினார்.

மான்சா கதவைத் திறந்தாள். எழுபதைத் தாண்டிய உடம்பு. நிமிர்ந்த கழுத்து. எதிரி நிலையத்துக்காரர் என்று முகத்தைத் திருப்பவில்லை. உட்காரவைத்து முதலில் தண்ணீர் கொடுத்தாள். அவர் இரண்டு மடக்குக் குடிக்கும்வரை காத்திருந்து, வந்த காரியம் என்ன என்று முறைப்படி கேட்டாள். மேசைமேல் அவளுடைய தனியலை நிலையம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அசாரே பேருந்தில் ஒத்திகை பார்த்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். ஒரு பெரிய மரம், ஒரு காற்று, ஒரு பயணம். அவர் மரத்திலிருந்து பயணத்துக்குப் போவதற்குள் மேசையிலிருந்து ஒரு குரல் குறுக்கே வந்தது.

"அக்கா, லைன்ல தாவியா. அன்னிக்கு நான் பண்ணினது தப்புக்கா."

அசாரேவின் கையிலிருந்த தம்ளர் சாய்ந்தது. அதே கட்டைக் குரல். அதே மூச்சிரைப்பு. மான்சா அது பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு குனிந்து, "சரி, நன்றி, அடுத்த நேயர்" என்று துண்டித்தாள். அவள் முகத்தில் பரம திருப்தி.

"இப்பல்லாம் தினம் கூப்பிடறான்," என்றாள்.

அசாரேவுக்கு மரமும் காற்றும் மறந்துவிட்டன. "ஆன்ட்டி, அவன் செத்துப்போயிட்டான்."

"தெரியும். பதிவேட்டுல நம்பர் பாத்து ஆஸ்பத்திரிலேருந்து அன்னிக்கே கூப்பிட்டாங்க. என்னைப் பத்தி யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டு பாதியிலேயே வெச்சிட்டேன்."

இத்தனை நாள் ஆறு, வாத்து, கார் கழுவும் நீர் என்று அலைந்ததெல்லாம் அவருக்கு ஒன்றாக நினைவுக்கு வந்தது. தெரிந்தும் ஏன் போகவில்லை என்று குரலை உயர்த்தினார். அந்த வீட்டில் குரல் உயர்த்தக்கூடாது என்பதும் மறந்துவிட்டது.

மான்சா சிந்திய தண்ணீரைத் துணியால் ஒற்றினாள். "நான் கைரேகை வெச்சா பதிவாயிடும். பதிவானா இவனையும் அழிச்சிடுவாங்க."

"இது அவன் இல்ல."

"என் முதுகுல தூக்கி வளத்தவ நான். எனக்குத் தெரியாதா? அவன் செத்தாலும் மன்னிப்புக் கேக்க மாட்டான். கேக்கவும் இல்ல, பாரு. இது எவ்வளவு அழகாக் கேக்குது."

அசாரே தம்ளரை மேசைமேல் வைத்தார். அவளோ ஆஸ்பத்திரியில்தானே படுத்திருக்கிறான், பத்திரமாகத்தானே வைத்திருப்பார்கள், கொஞ்சநாள் இருக்கட்டும், அவனுக்கு என்ன அவசரம் என்று அவரைச் சமாதானப்படுத்துவதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாசக் கடைசியில எரிச்சிடுவாங்க ஆன்ட்டி."

துணி நின்றது.

"யார எரிப்பாங்க?"

"அவனைத்தான். ஆள் வரலைன்னா எரிச்சிடுவாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

மான்சா கையிலிருந்த துணியை மடித்தாள். மடித்ததை மறுபடி பிரித்து மடித்தாள். மேசையில் அறிவிப்பாளர் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கருப்புத் துணி உடுத்தியிருந்தாள். வானொலியை அணைக்காமலே கதவைச் சாத்தினாள்.

மருத்துவமனையில் அந்தப் பெண் கண்ணாடிப் பலகையை நீட்டினாள். மான்சா கட்டைவிரலை உயர்த்தி வைத்துக்கொண்டு, உடனே நின்றுவிடுமா, நாளைக்கு வருமா என்று கேட்டாள். என்ன வரும் என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அசாரே ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மான்சா விரலை அழுத்தினாள்.

அடக்கத்தை ஊர் மெச்ச நடத்துவது என்று அசாரே தீர்மானித்தார். நகரத்துக்கு வெளியே ஒரு தேவாலயத்துக் காணியில் ஆறடி நிலம் கெஞ்சி வாங்கினார். முன்னூறு நாற்காலி உள்ள மண்டபம். ஒரு யானை பட்டினி கிடந்து வந்தாலும் மிச்சம் வைத்துப் போகிற அளவு சோறும் மீனும். இம்முறை வானொலியை நம்பாமல், கடை கடையாக, கதவு கதவாக அவரே போய்ச் சொன்னார். எல்லோரும் ஒரு காதைத் திறந்து, அடடா, தாவியாவா, கட்டாயம் என்றார்கள். பிறகு காதை மூடிக்கொண்டார்கள்.

அன்று மண்டபத்துக்கு வந்தவர்கள் பாதிரியார், மான்சா, பெட்டி தூக்க வந்த நாலு பேர். நாலு பேரில் இருவர் வேறு நாட்டுக்காரர்கள். கதவைத் திறக்கும் ஒவ்வொரு காற்றுக்கும் அசாரே திரும்பிப் பார்த்தார். தாவியாவைப் பற்றி அவர் மனதில் ஒரு பேச்சு இருந்தது. கம்பி சுருட்டியது, மீன் தட்டு, எல்லாம் அதில் உண்டு. மைக்கின் முன்னால் நின்றார். இருமுறை தட்டினார். முன்னூறு காலி நாற்காலிகள் அவரைப் பார்த்தன. வாய் திறக்கவில்லை. மான்சா முன்வரிசையில் இருந்து, "விடுப்பா, அவனைப் பத்தி எனக்குத் தெரியும்," என்றாள். எழுந்து வந்து பெட்டியைக் கையால் தடவினாள். குனிந்து ஏதோ சொன்னாள். திட்டினாளா கொஞ்சினாளா என்று கேட்கவில்லை. மண்ணைப் போட்டுவிட்டு வந்து, ஏழு பேரும் முடிந்தவரை சாப்பிட்டார்கள். மிச்சத்தைச் சாப்பிட்ட புறாக்கள் ஒரு வாரம் பறக்க முடியாமல் நடந்தே போயின.

திங்கட்கிழமை அசாரே கடைத்தொகுதிக்குள் நுழைந்தபோது யாரையும் விட்டுவைக்கக்கூடாது என்ற முடிவோடு வந்தார். கிழங்குக் கடைக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கி, அப்படியொரு அடக்கம் இந்த ஊர் பார்த்ததில்லை என்றார். மீன்கடைக்காரருக்குப் பறைகாரர்கள்மேல் சிறு குறை இருந்தது, மற்றபடி பிரமாதம். பயண முகவர் கூட்டத்தில் தன் காலை மிதித்துவிட்டார்கள் என்றார். அசாரே நேராக அடோமா கடைக்குள் போய் நின்றார்.

"அங்கிள், என்ன கூட்டம்," என்றாள் அவள், பின்னலை நிறுத்தாமல். "நிக்க இடமில்ல."

"நீ எங்க இருந்த?"

"இங்கதான். வேலை இருந்துச்சு. தனியலையில முழுசாக் கேட்டேன். நடுவுல நான்கூட ரெண்டு வார்த்தை பேசினேனே. நீங்க நன்றி சொன்னீங்க."

திட்டுவதற்காக அசாரே சேர்த்துவைத்திருந்ததெல்லாம் உதட்டு விளிம்புவரை வந்தது. அடோமாவின் கண்ணோரம் ஈரமாக இருந்தது. நிஜ ஈரம்.

"உங்க பேச்சுதான் அங்கிள் உச்சம். அப்படியே உலுக்கிட்டீங்க."

அசாரே காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன பேசினேன்?"

அவள் மறுபடி ஓடவிட்டாள். முதலில் கூட்டத்தின் இரைச்சல். குழந்தைகள், நாற்காலி இழுபடும் ஓசை, யாரோ இருமல். மைக்கை யாரோ இருமுறை தட்டினார்கள். பிறகு அவருடைய குரல், இருபது வயது குறைந்ததுபோலத் திடமாக, என் எதிரி தாவியா என்று தொடங்கியது. முன்னூறு பேர் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் முன்னூறு பேரும் ஒன்றாக அழத் தொடங்கினார்கள்.

இதெல்லாம் பொய் என்று அசாரே வாயைத் திறந்தார். அடோமா என்ன அங்கிள் என்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வை," என்றார்.